இடது பக்கம் நல்ல தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

நல்ல தண்ணீர்த் தொட்டி முழுக்க உப்புத் தண்ணீர். எல்லாம் என் வீட்டுக்காரி சாந்தாமணியின் கைங்கர்யம்.

வீட்டு முன்புறம் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. இடதைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர் தரைத்தொட்டியில் விழும். வலதைத் திறந்தால் போர்வெல் உப்புத் தண்ணீர் அதே தொட்டியில் விழும். கோடையில் சிறுவாணி கைவிட்டால் இருக்கட்டும் என்று நான்தான் அந்த இணைப்பைக் கொடுக்கச் சொன்னேன். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைக்கிறேன் என்று பிளம்பர் இழுத்தான். நான் பக்கத்திலேயே நின்று, ஒரே அளவு, ஒரே நிறம், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் வைக்க வைத்தேன். இடது நல்ல தண்ணீர், வலது உப்பு. இதில் என்ன கஷ்டம்?

இன்று தண்ணீர் விடும் நாள். இவள் அவசரத்தில் வலதைத் திறந்துவிட்டுப் போய் இட்லி ஊற்றியிருக்கிறாள்.

"பாத்துத் திறக்கக் கூடாதா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எதைப் பாக்கறதுங்க? செவப்புத் துணி கட்டி வெச்சிருந்தேன். அதையும் அவுத்து வீசுனீங்க."

அவிழ்த்தது உண்மைதான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் இது என்ன வேண்டுதலா என்று கேட்டால் அவிழ்க்காமல் என்ன செய்வது? வீட்டு முகப்பில் கந்தல் தொங்கினால் லட்சணமாகவா இருக்கும்? அதற்குப் பதிலாகத்தான் எந்த வால்வு எதற்கு என்று அழகாக டைப் செய்து மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். படிக்கத்தான் இந்த வீட்டில் ஆளில்லை.

ஆபீஸில் எவ்வளவோ நிம்மதி.

ஜூன் 4, புதன்

நேற்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். நிம்மதியாவது ஒன்றாவது!

இயக்குநர் ஸ்ரீவத்சன் காலையிலேயே கூப்பிட்டார். பீளமேட்டில் ஒரு சிறிய கம்பெனி நம் லைப்ரரியை வாங்கி வைத்திருக்கிறது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் இல்லை என்று என் மைத்துனனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் என்கிற தட்டில் எழுதுவது, எடுப்பது, நகலெடுப்பது போன்ற அடிமட்ட வேலைகளை நாங்கள் எழுதி வைக்கிறோம், ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன். மற்ற புரோகிராமர்கள் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்வார்கள். எப்படிக் கூப்பிட வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று வகுப்பது என் வேலை. இருபது வருடமாகச் செய்கிறேன்.

அந்தப் பீளமேட்டு ஆட்கள் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்து தருகிறார்கள். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்கு உள்ளே கருவி வைக்கும் மருத்துவமனை. எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அளவு வைப்பார்களாம். அது பல மாத வேலையாம். அந்த அளவுகளை எல்லாம் புதிய தட்டுக்கு நகலெடுக்கப் போனவர்கள், காலியான புதிய தட்டை எடுத்துப் பழையதின்மேல் கொட்டிவிட்டார்கள். எல்லாம் துடைத்துப் போயிற்று. தனியாக எடுத்து வைத்த பிரதி, போன மழைக்காலத்தோடு நிற்கிறது.

நகலெடுக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு இடம் சொல்ல வேண்டும். போடும் இடம் முதலில், எடுக்கும் இடம் அடுத்து. இதை எவனோ மாற்றிப் போட்டிருக்கிறான். மேனுவல் படிக்காத ஜென்மங்கள்! திங்கட்கிழமைக்குள் அறிக்கை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பயனர் தவறு. இரண்டே சொல்லில் முடிகிற விஷயம்.

ஜூன் 5, வியாழன்

தொட்டியைக் கழுவினேன். இடுப்பு போயிற்று. சாந்தாமணி பேசவில்லை, சோறு மட்டும் வருகிறது.

ஜூன் 6, வெள்ளி

அது எவனோ இல்லை. கோகிலவாணி.

என் குழுவில் இருந்தவள், இப்போது அந்தப் பீளமேட்டுக் கம்பெனியில். நல்ல மூளை, அதைவிட நல்ல வாய். நாங்கள் ஒரு ஃபங்ஷன் எழுதி முடித்ததும் அவள் ஒரு வேலை செய்வாள். அதைப் பார்த்தே இராத ஒருவரை வேறு பிரிவிலிருந்து பிடித்து வந்து, மேனுவலைக் கொடுக்காமல் எழுதச் சொல்வாள். பக்கத்தில் நாற்காலி போட்டு வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதுகிறவர் எங்கே தயங்குகிறார், எங்கே தடுக்குகிறார் என்று குறித்துக்கொள்வாள். தடுக்கியது அவர் தப்பில்லை, நம் தப்பு என்பாள். கேட்கும்போதே எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த நகலெடுக்கும் ஃபங்ஷனில் எல்லாரும் வரிசையாகத் தடுக்கினார்கள். எடுக்கும் இடத்தைத்தான் மனுஷன் முதலில் சொல்வான் சார், இங்கிருந்து அங்கே என்றுதானே பேசுகிறோம் என்றாள். உலகம் பூராவும் பழைய ஆட்கள் போடும் இடத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஸ்ரீவத்சனுக்கு அவள் பேச்சு பிடித்துப்போயிற்று. வரிசையை மாற்றி வெளியிட்டோம். அதோடும் விட்டாளா? இரண்டு இடத்துக்கும் தனித்தனி முத்திரை குத்திவிட்டால், மாற்றிப் போடுபவரைக் கம்ப்யூட்டரே தடுத்துவிடும் என்று இன்னொன்று எழுத ஆரம்பித்தாள். பிழைச் செய்திகளைக்கூடப் பேச்சுத் தமிழில் எழுதி வைப்பாள், கடைசியில் இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்ளலாம் சார் என்பாள். அது முடிவதற்குள் பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

குழந்தை பிறந்ததும் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டாள். மேலிடம் மறுத்துவிட்டது, வேலையை விட்டுவிட்டாள். என்னிடம் கருத்துக் கேட்டார்கள், என் கருத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. வந்தால் நல்லது.

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் வாணியே போனில் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம் வேறு.

"சார், நல்லா இருக்கீங்களா? அக்கா நல்லா இருக்காங்களா?"

"இருக்கோம்மா. சொல்லு."

"அந்த வரிசை எப்ப சார் மாறுச்சு?"

"மேனுவல்ல இருக்கே."

பின்னால் ஏதோ குழந்தை அழுதது.

"சார், அது நான் வெச்ச வரிசைங்க. நான் எழுதினதைக் கூப்பிட நானே மேனுவல் பாப்பனுங்களா? பழைய வெர்ஷன்ல ஓட்டி ஓட்டிப் பாத்தேன், சரியா ஓடுச்சு. போன மாசம் புது வெர்ஷன் போட்டாங்க. ஒரு எச்சரிக்கை வரல, ஒரு தடுப்பு வரல. கமுக்கமாத் திருப்பி வெச்சிருக்கீங்க."

கமுக்கமாகவாம்! புதிய வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி போட்டிருக்கிறேன். கடைசிக்கு முந்தின பக்கம். லைப்ரரியில் மற்ற எல்லா ஃபங்ஷனிலும் போடும் இடம் முதலில் இருக்க, இது ஒன்று மட்டும் தெத்துப்பல் மாதிரி தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் போனபிறகு ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்குபடுத்துவது குற்றமா?

"எங்க ஓனர் உங்க அறிக்கைக்குத்தான் காத்துட்டு இருக்காருங்க சார். இன்ன வெர்ஷன்ல வரிசை மாறுச்சுன்னு ஒரே ஒரு வரி போடுங்க. அது இருந்தா என்னைய வெச்சுக்குவாரு. இல்லீன்னா நான்தான் அத்தனை குழந்தைங்க அளவையும் அழிச்சவள்னு ஆயிரும். அப்புறம் கோயமுத்தூர்ல எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்?"

"பாக்கறேன்மா," என்றேன்.

"யாரு மாத்துனாங்கன்னு போட வேண்டாம் சார். மாறுச்சுன்னு மட்டும் போட்டாப் போதும்."

அதை எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அறிக்கைக்கு ஸ்ரீவத்சனிடம் இன்னும் சில நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்ரீவத்சனிடம் பேசினேன். அந்த ஒரு வரியைப் போடலாமா என்று நானேதான் கேட்டேன். இதைக் குறித்து வைக்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் இருக்கட்டும்.

"வரிசைய மாத்துனது யாரு?" என்றார்.

"டீம் முடிவுங்க சார்."

"டீம்ல யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்தார். "தண்டபாணி, வெளிய சொல்லாம வரிசைய மாத்திட்டோம்னு நம்ம வாயாலயே எழுதிக் குடுத்தா, மத்த கஸ்டமர் அத்தனை பேரும் வந்து வாசல்ல நிப்பான். அப்புறம் மாத்துன ஆளைக் காட்டுன்னு கேப்பான். நான் யாரைக் காட்டறது, சொல்லுங்க?"

அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்கு இன்னும் ஓய்வு பெற வருஷம் கிடக்கிறது.

ஜூன் 12, வியாழன்

தட்டிலிருந்து ஏதாவது மீட்க முடியுமா என்று பார்க்க ஜெபராஜும் நானும் அந்த மருத்துவமனைக்குப் போனோம். ஜெபராஜ் என்னோடு பத்து வருடமாக ஒரே மேஜையில் டீ குடிப்பவன். ஒன்றும் மீட்க முடியவில்லை. மேலே மேலே எழுதியிருக்கிறது.

நாங்கள் வேலை செய்த இடத்துக்கும் அளவு வைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். உள்ளே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்குழந்தை கையில் வளையத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் அந்த வளையத்தை எதிரே இருக்கும் குச்சியில் மாட்ட வேண்டும். கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அளவு பார்க்கிற பெண் பட்டனை அழுத்துவாள், குழந்தை அவள் முகத்தையே பார்க்கும், மாட்டாது. இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். திடீரென்று அளவு எகிறியிருக்க வேண்டும். குழந்தை காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலறியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த அலறல் நன்றாகவே கேட்டது.

அதன் அம்மா வெளியே வந்து எங்களைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பழைய மிசினு ரிப்பேருங்க. புதுசுல ஏத்திக் குடுங்கன்னு வந்தா, கணக்கெல்லாம் போச்சுங்கறாங்க. கண்ணு இப்பத்தான் அம்மான்னு சொல்ல ஆரம்பிச்சா. மறுக்கா முதல்ல இருந்துங்களா?"

ஜெபராஜ் என்னைப் பார்த்தான். நான், சீக்கிரம் சரியாகிவிடும்மா என்றேன். வேறென்ன சொல்வது? உலகத்தில் இருக்கிற எல்லாருக்கும் நானா பதில் சொல்ல முடியும்?

வாணியும் அங்கேதான் இருந்தாள். தாய்மார்களிடம் இருந்த பழைய சீட்டுகளில் கிடைத்த அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பழைய பழக்கம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே கேன்டீனில் காபி நன்றாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. அந்த ஒரு வரியை எழுதித்தான் பார்த்தேன். அறிக்கையின் ஓட்டத்தில் ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வாணி இரண்டு முறை கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருந்தேன். மீட்டிங் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, ஆனாலும் மீட்டிங் மீட்டிங்தான்.

ஜூன் 24, செவ்வாய்

டீ குடிக்கும்போது ஜெபராஜ் சொன்னான். "வாணியை அனுப்பிட்டாங்களாம்."

"அப்படியா?"

"அப்படியாங்கறீங்க!" டீயைப் பாதியில் வைத்தான். "குழந்தைங்க டேட்டாவை அழிச்சவள்னு பேர் கட்டி அனுப்பிட்டாங்க சார். எங்க போனாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. நீங்க ஒரு வரி போட்டிருக்கலாம்."

"படிக்காம எழுதுனா என்ன பண்றது?"

"தூ" என்று அவன் சொல்லவில்லை. ஆனால் முகம் அப்படித்தான் இருந்தது. எழுந்து போய்விட்டான். டீக்கடைக்காரரிடம் நான்தான் இரண்டு டம்ளரையும் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் கட்டி வளர்த்த லைப்ரரி, என்னை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவள் அழுகைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஜூன் 25, புதன்

ஜெபராஜ் வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

செய்தி பரவிவிட்டது. மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் போன் மேல் போன் போட்டு, எங்களுக்கும் இப்படி ஆகுமா என்று கேட்கிறார்களாம். போன வாரமே ஸ்ரீவத்சன் கூப்பிட்டார்.

"யாரும் தப்புப் பண்ண முடியாத மாதிரி ஒண்ணு பண்ணிருங்க தண்டபாணி. அந்தப் பொண்ணு என்னமோ பாதி எழுதி வெச்சுட்டுப் போனாளே, முத்திரை குத்தறது. அதைத் தூசி தட்டி எடுங்க."

எடுத்தேன். பாதி இல்லை, முக்கால்வாசிக்கு மேல் முடித்துத்தான் வைத்திருக்கிறாள். எடுக்கும் இடத்துக்கு ஒரு முத்திரை, போடும் இடத்துக்கு ஒரு முத்திரை. இதை அங்கே போட்டால் ஏற்காது, ஓடவே ஓடாது. வரிசையும் அவள் சொன்ன அதே வரிசைதான், எடுக்கும் இடம் முதலில். உள்ளதைச் சொல்ல வேண்டும், சுத்தமான வேலை. இரண்டு நாளில் சேர்த்துவிட்டேன். சரியாகப் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. தப்பாகப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நான் எதற்குத் தப்பாகப் போடப் போகிறேன்?

கோப்புகளின் அமைப்பு மாறிவிட்டதால் எல்லாவற்றையும் புதிய கோப்பில் எழுத வேண்டியதாயிற்று. அதனால் எழுதியவர் என்று என் பெயர் வருகிறது. அது தானாக வருவது.

ஜூலை 29, செவ்வாய்

நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் சாந்தாமணி பிளம்பரைக் கூட்டிவந்து இடது வால்வைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டிருக்கிறாள். நீலக் கைப்பிடி, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. உப்புத் தண்ணீருக்குப் பழைய வட்டத் திருகு. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, கோணல் மாணல். வீட்டு முகப்பே போயிற்று.

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா உட்ருப்பீங்களா? இனி நான் கண்ணை மூடிட்டே தொறப்பேன்," என்றாள்.

பேச்சு வளர்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதிய வெளியீடு நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. யாரையும் தவறு செய்யவிடாத இன்டர்ஃபேஸ் என்று வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கருத்தரங்கு, நான் பேச வேண்டுமாம். தலைப்பு: 'எளிமை என்பது மரியாதை.' ஸ்ரீவத்சன் வைத்த தலைப்பு. எனக்குப் பிடித்திருக்கிறது.

வாணி கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறாளாம். நல்லதுதான். குழந்தையோடு இருக்கலாமே.

செப்டம்பர் 20, சனி

கருத்தரங்கு முடிந்தது. எழுதாமல் தூங்கிவிடலாம் என்று பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

அரங்கம் நிறைய மாணவர்கள். முதல் வரிசையில் ஸ்ரீவத்சன். பேச்செல்லாம் நன்றாகப் போயிற்று. பயனர் தடுக்கினால் அது நம் தப்பு என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். முடிக்கிற நேரத்தில் ஒரு பெண் எழுந்து, படத்தில் காட்டியது போதும், எங்கள் முன்னால் டைப் செய்து காட்டுங்கள் சார் என்றாள். சரி என்று தட்டினேன். இருபது வருடப் பழக்கம், கை தன்பாட்டுக்குப் போயிற்று. போடும் இடத்தை முதலில் அடித்துவிட்டேன். ஓடவிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பெரிய திரையில், சுவர் அகலத்துக்கு, வாணி எழுதி வைத்திருந்த பிழைச் செய்தி வந்தது. இங்கிலீஷுக்கு மாற்றாமல் விட்டுப்போயிருக்கிறாள், நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

'இருங்க சார். மாத்திப் போட்டுட்டீங்க. பரவால்ல, இன்னும் எதுவும் அழியல.'

அரங்கமே சிரித்தது. பிறகு கைதட்டினார்கள். நான் சொல்லிக்கொடுப்பதற்காக வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நானும் சிரித்து, "வேணும்னேதான் பண்ணேன், பாத்தீங்களா, எப்படித் தடுக்குதுன்னு," என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து இறங்கும்போது அதே பெண் ஓடிவந்தாள்.

"சார், அந்த மெசேஜ் சூப்பருங்க சார். யாரோ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்குது. யாருங்க எழுதுனாங்க?"

"டீம்தான்மா," என்றேன்.

ஸ்ரீவத்சன் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி, எப்படிப் போச்சுங்க என்றாள். கைதட்டினார்கள் என்றேன். அப்புறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்குது என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

அந்த 'சார்' யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் அறையில் வாணி சார் என்று கூப்பிட்டது ஒருவரைத்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் போனதும் முதல் வேலையாக அந்த வரியை மாற்றினேன். இனி யார் மாற்றிப் போட்டாலும், 'வரிசை தவறு. கையேட்டைப் பார்க்கவும்' என்று வரும்.